பந்து உதைப்பதும் உழைப்பே!

2025 ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்த இந்தியப் பெண்கள் கால்பந்து லீக்கில் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி பட்டம் வென்றது. கேரளத்தின் கோகுலம் அணி இரண்டாவது இடம் பெற்றது. தமிழ்நாட்டின் சார்பில் மதுரையின் சேது அணி களத்தில் நின்றது. எட்டு அணிகள், அணிக்குப் பதினான்கு ஆட்டங்கள். ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் ஆண்கள் அணி தேசிய லீக் பட்டம் வென்றது 2004ல். அதற்குப் பிறகு 21 ஆண்டுகள் கழித்து அந்தப் புகழ் பெற்ற கிளப்புக்கு ஒரு தேசிய லீக் பட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் பெண்கள்! அந்த வீராங்கனைகளை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

“மில்லில் தறி ஓட்டுகிறவனுக்கும், செல்லிப்பட்டு வயலில் நாற்று நடுகிறவளுக்கும் கல்கத்தா பந்தாட்டத்தில் என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது என்பதே நமது பதில். அந்தப் பந்தை உதைத்த கால்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுக் கால்கள். அந்தப் பெண்கள் கேட்பதும் நாம் கேட்பதுதான்: வேலைக்கேற்ற கூலி, ஆண்டு முழுவதும் வேலை, வேலையிடத்தில் மரியாதை. ஆகவே இது உழைப்பாளி மக்களின் விஷயம்.

பதினெட்டு நாள் பருவம்

இந்த லீக் பிறந்தது 2017ல். அந்த ஆண்டு ஜனவரி 28ம் தேதி டில்லியில் ஆறு அணிகளுடன் தொடங்கி, பிப்ரவரி 14ம் தேதி முடிந்துவிட்டது. மொத்தம் பதினெட்டே நாட்கள்! மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் இறுதி ஆட்டத்தில் ஒரிஸாவின் ரைசிங் ஸ்டூடண்ட் கிளப்பை 3-0 என்று வென்றது. அந்த ஆறு அணிகளில் ஒன்று நமது ஊரின் பெயரைத் தாங்கியது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? ஜேப்பியார் புதுச்சேரி என்பது அதன் பெயர். அடுத்த ஆண்டு ஷில்லாங்கில் கூடிய ஏழு அணிகளில் அந்தப் பெயர் இல்லை.

2019ல் லூதியானாவில் நடந்த லீக்கில் மதுரையின் சேது அணி சாம்பியன் ஆயிற்று. தமிழகம் பெருமைப்பட்டது, படவேண்டியதுதான். ஆனால் அந்தப் பருவம் எப்படிப்பட்டது? மே 5ல் தொடங்கி மே 22ல் முடிந்தது. பஞ்சாபின் மே மாத வெயிலில், பதினெட்டு நாட்களில் ஏழு ஆட்டங்கள் ஆடி, இறுதியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று அந்தப் பெண்கள் கோப்பையைத் தூக்கினார்கள். பிறகு? லீக் மூடப்பட்டது. ஆண்டில் மிச்சமிருந்த நாட்களுக்கு அது அவர்களுக்கு ஒன்றும் தரவில்லை.

இதைப் புரிந்துகொள்ள விவசாயத் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நடவுக்குச் சில நாள், களையெடுப்புக்குச் சில நாள், அறுப்புக்குச் சில நாள். மற்ற நாட்களில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது. மில் தொழிலாளிக்கும் இது புதிதல்ல. காலையில் மில் வாசலில் வந்து நின்று, உள்ளே ஆள் குறைந்தால் கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும் பதிலித் தொழிலாளியை நாம் அறிவோம். நாட்டின் தலைசிறந்த கால்பந்து வீராங்கனைகளும் பல ஆண்டுகள் பதிலிகளாகவே வைக்கப்பட்டிருந்தார்கள்!

கொரோனாக் காலத்தை எடுத்துக்கொள்வோம். 2020-21ல் ஆண்களின் பெரிய லீக்கைக் கோவாவில், வெளியார் நுழையாத ஏற்பாட்டுடன், ஆட்களை மாதக்கணக்கில் தங்கவைத்து நடத்தி முடித்தார்கள். அதற்குப் பணமும் இருந்தது, மனமும் இருந்தது. பெண்கள் லீக் அந்தப் பருவத்தில் நடக்கவே இல்லை. தொற்று நோய் ஆண், பெண் பேதம் பார்த்ததா? பார்த்தவர்கள் நிர்வாகிகள்!

வீராங்கனைகளின் குரலும் ரசிகர்களின் குரலும் ஓங்கிய பிறகுதான் சற்று மாற்றம் வந்தது. 2023-24 பருவத்தில் முதன்முதலாக அணிகள் தங்கள் சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் மாறி மாறி ஆடின. அதில் ஒரிஸா அணி வென்றது. 2024-25ல் அதே முறையில் எட்டு அணிகள் ஆடின. இது நல்ல முன்னேற்றமே. பருவம் பதினெட்டு நாளாக இருந்தால் கிளப் முதலாளி ஆட்டக்காரியை ஒரு மாதம் அமர்த்தினால் போதும். பருவம் நான்கு மாதமானால் அவளுக்கு நான்கு மாதமாவது சோறும் சம்பளமும் தந்தாக வேண்டும். ஆட்டங்களின் எண்ணிக்கை கூடுவது வெறும் விளையாட்டுக் கணக்கல்ல, அது வேலை நாள் கணக்கு! ஆனால் அதே 2024-25ல் ஆண்களின் பெரிய லீக்கில் ஓர் அணிக்கு 24 ஆட்டங்கள்; பெண்களுக்குப் பதினான்கு. இடையில் உள்ள பத்து ஆட்டங்களும் பத்து ஆட்டங்களின் கூலிதான்.

யார் இந்தப் பெண்கள்?

தூரத்துக்குப் போக வேண்டாம். நமக்கு அடுத்துள்ள கடலூரைப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26ல் சுனாமி அந்தக் கரையைச் சூறையாடியது. அந்தக் கடலூரில், அலையில் உற்றாரை இழந்த சிறுமிகளையும் கூலி வீட்டுச் சிறுமிகளையும் சேர்த்துக் கால்பந்து பயிற்றுவித்த ஸ்தாபனம் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாதமி. ஷில்லாங்கில் கூடிய ஏழு அணிகளில் அதுவும் ஒன்று! 2018ல் தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், நெடுங்காலமாகப் பெண்கள் கால்பந்தின் கோட்டையாக விளங்கும் மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று வென்றது. கடலூர்ப் பெண்களின் உழைப்பு இல்லாமல் அந்த வெற்றியை நினைத்துப் பார்க்க முடியாது.

கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தைத் தாங்கிய வீராங்கனை. அவர் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். 2020ல் ஊரடங்கு வந்தபோது பந்தை வைத்துவிட்டுச் சென்னைத் தெருக்களில் காவல் பணிக்கு நின்றார். இதில் அவருக்குக் குறைவு ஒன்றுமில்லை, பெருமைதான். ஆனால் ஒரு உண்மையை இது நமக்குக் காட்டுகிறது. இந்நாட்டில் பெண் கால்பந்து பிழைத்திருப்பது லீக் கொடுக்கும் பணத்தால் அல்ல. போலீஸ், ரயில்வே, எல்லைக் காவல் படை ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டில் கொடுக்கும் சர்க்கார் உத்தியோகத்தால்! மணிப்பூர் போலீஸ் என்ற பெயரில் அணி இறுதி ஆட்டம் வரை வந்ததே, அதன் பொருள் இதுதான். சர்க்கார் வேலைகளைக் குறைத்து, காண்டிராக்டுக்கு விட்டுக்கொண்டே போனால், இந்தப் பெண்களின் காலடியில் உள்ள ஒரே திண்ணையும் இடிந்துபோகும்.

கூலிக் கணக்கு

2023ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஓர் அறிவிப்புச் செய்தது. லீக்கின் முன்னணி எட்டுக் கிளப்புகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளை ஒப்பந்தத்தில் அமர்த்த வேண்டும். அவர்களுக்கு ஆண்டுக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பது அந்த அறிவிப்பு. குறைந்தபட்சக் கூலி என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டதை நாம் வரவேற்கிறோம். கொள்கை கிடைப்பது போராட்டத்தில் பாதி.

ஆனால் மிச்சப் பாதியைப் பார்ப்போம். எட்டுக் கிளப், கிளப்புக்குப் பத்துப் பேர்: ஆக 80 பேர். நூற்று நாற்பது கோடி மக்கள் உள்ள நாட்டில் கூலி உத்தரவாதம் 80 பெண்களுக்கு! ஒரு கிளப்பில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்து ஆடுகிறார்கள். பத்தாமவளுக்கு உள்ள உத்தரவாதம் பதினொன்றாமவளுக்கு ஏன் இல்லை? களத்தில் இறங்குவது பதினோரு பேர் அல்லவா? இரண்டாம் பிரிவில் ஆடும் அணிகளின் பெண்கள் எந்தக் கணக்கில் சேர்த்தி?

இன்னும் கேட்போம். முழங்கால் முறிந்தால் வைத்தியச் செலவு யாருடையது? முறிந்த காலோடு வீட்டில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? உலகக் கால்பந்து ஸ்தாபனம் 2021லேயே விதி செய்திருக்கிறது: வீராங்கனை பிள்ளைப்பேற்றுக்குச் சென்றால் குறைந்தது 14 வாரம் விடுப்பு, அந்தக் காலத்தில் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. தாளில் எழுதிய இந்த விதியை நமது கிளப்புகளில் யார் கண்காணிப்பது? சம ஊதியச் சட்டம் நாட்டில் வந்தது 1976ல். அதற்குப் பிறகும் ஒரே வயலில், ஒரே நாளில், ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்கு ஒரு கூலியும் அளந்து போட்டதை நமது கிராமங்கள் கண்டன. சட்டப் புத்தகம் தானாக நடந்து வந்து யார் கையிலும் கூலியை வைப்பதில்லை.

நாற்காலிச் சண்டையும் வீராங்கனைகளும்

2022 ஆகஸ்டில் நடந்ததை இந்த நாடு மறக்கக் கூடாது. சம்மேளன நிர்வாகிகள் பதவிக் காலம் முடிந்த பிறகும் தேர்தல் நடத்தாமல் நாற்காலியில் இருந்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. கோர்ட்டு ஒரு நிர்வாகக் கமிட்டியை நியமித்தது. வெளியார் தலையீடு என்று சொல்லி உலக ஸ்தாபனம் இந்தியாவுக்குத் தடை போட்டது. அந்த நேரத்தில் இந்திய சாம்பியனான கோகுலம் அணியின் பெண்கள், ஆசியக் கிளப் போட்டியில் ஆடுவதற்காக உஜ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் நகருக்குப் போய் இறங்கியிருந்தார்கள். ஒரு ஆட்டமும் ஆட முடியாமல் திரும்பினார்கள். தடை ஆகஸ்டு 26ல் நீங்கிற்று. போன வாய்ப்பு போனதுதான். தவறு செய்தவர்கள் குளிர்ந்த அறையில் இருந்தவர்கள். தண்டனை அடைந்தவர்கள் பதினொரு ஆட்டங்களில் பதினொன்றையும் வென்று அந்த உரிமையைப் பெற்றிருந்த பெண்கள்!

2024 மார்ச்சில் கோவாவில் இரண்டாம் பிரிவு லீக் நடந்தபோது, வட மாநில அணி ஒன்றின் வீராங்கனைகள் இருவர், சம்மேளனத்தின் நிர்வாகக் கமிட்டி உறுப்பினர் ஒருவர் தங்களைத் தாக்கியதாகப் புகார் கொடுத்தார்கள். போலீஸ் அவரைக் கைது செய்தது. சம்மேளனம் இடைநீக்கம் செய்தது. ஆலையிலும் வயலிலும் மேஸ்திரியின் கைக்கும் வாய்க்கும் அஞ்சி வேலை செய்யும் பெண்களுக்கு இந்தச் செய்தியின் பொருள் விளங்கும். அந்த இரு பெண்கள் வாய் திறந்தது பெரிய காரியம். அவர்களுக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்திருந்தால் அந்தக் காரியம் இன்னும் எளிதாயிருக்கும்.

“கூட்டம் வராது, உடம்பு தாங்காது”

பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது, ஆகவே பணம் இல்லை என்கிறார்கள். சரித்திரம் வேறு கதை சொல்கிறது. முதல் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் வெடிமருந்துச் சாமான் செய்த டிக் கெர் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் ஒரு கால்பந்து அணி அமைத்தார்கள். 1920 டிசம்பர் 26ல் லிவர்பூல் நகர மைதானத்தில் அவர்கள் ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டார்கள்! 1921ல் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்தபோது, பட்டினி கிடந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பெண்கள் அணிகள் ஆடிப் பணம் திரட்டிக் கொடுத்தன. அதே ஆண்டு டிசம்பர் 5ம் தேதி இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் என்ன செய்தது? இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லித் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்தக் கதவு மூடியே கிடந்தது. கூட்டம் வராததால் மைதானம் மூடப்படவில்லை. கூட்டம் வந்த பிறகுதான் மூடப்பட்டது!

உடம்பு தாங்காது என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேற்றில் காலை ஊன்றி, காலையிலிருந்து பொழுது சாயும் வரை குனிந்த முதுகு நிமிராமல் நாற்று நடுகிறாளே, அவள் உடம்பைப் பற்றி இவர்கள் கவலைப்பட்டதுண்டா? கரும்புக் கட்டைத் தலையில் ஏற்றிவிடும்போது “பெண்ணுக்குப் பொருந்தாது” என்ற வாசகம் நினைவுக்கு வந்ததுண்டா? பண்ணைக்கு லாபம் தரும்போது தாங்குகிற உடம்பு, பந்தை உதைத்துப் பெயர் எடுக்கும்போது மட்டும் தாங்காதோ?

கேட்டால் கிடைக்குமா என்று ஐயுறுபவர்கள் ஸ்பெயின் நாட்டைப் பார்க்கட்டும். அங்கே பெண்கள் லீக் ஆட்டக்காரிகள் 2019 நவம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2020 பிப்ரவரியில் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று; ஆண்டுக்கு 16,000 யூரோ குறைந்தபட்ச ஊதியம் என்று ஒப்புக்கொண்டார்கள். 2023 செப்டம்பரில் பருவத்தின் முதல் சுற்றிலேயே மறுபடியும் ஆட்டத்தை நிறுத்தினார்கள். 21,000 யூரோ ஆயிற்று. பந்து உருளாவிட்டால் மைதானம் வெறும் புல்தரை. தறி ஓடாவிட்டால் மில் வெறும் கட்டடம் என்று நாம் அறிந்திருப்பதைத்தான் அந்தப் பெண்கள் செய்து காட்டினார்கள்.

நமது கொம்யூன்களில்

முதல் லீக்கில் ஆடிய ஆறு அணிகளில் ஒன்று அலக்புரா. அது பெரிய நகரமல்ல. ஹரியானாவின் பிவானி ஜில்லாவில் உள்ள ஒரு கிராமம். அரசுப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் சிறுமிகளிடம் ஒரு பந்தைக் கொடுத்தார். ஊரில் மைதானம் இருந்தது. பெற்றோர் தடுக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்தக் கிராமத்தின் பெயர் தேசிய லீக்கில் எழுதப்பட்டது. ஒரு பந்து, ஒரு மைதானம், ஒரு ஆசிரியர்: இவற்றில் செல்லிப்பட்டுக்கு எட்டாதது எது?

எட்டாமல் செய்வது எது என்று பார்ப்போம். மாலையில் பள்ளி விட்டு வரும் பையனுக்குத் தெரு இருக்கிறது, திடல் இருக்கிறது. பெண் பிள்ளைக்குக் காத்திருப்பது தண்ணீர்க் குடம், அடுப்பு, தம்பி தங்கைகள். தாய் வயலிலிருந்து திரும்பும் வரை அவள்தான் வீட்டின் தாய். அந்தத் தாய்க்கு நியாயமான கூலியும் அளவான வேலை நேரமும் இருந்தால்தான் அந்தச் சிறுமிக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும். 1936 ஜூலை 30ல் புதுச்சேரி சவானா மில் வாசலில் பன்னிரண்டு தொழிலாளர்கள் பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு மார்பு காட்டி உயிர் கொடுத்தார்களே, எதற்காக? எட்டு மணி நேர வேலைக்காக. எட்டு மணி வேலை என்றால் மீதி நேரம் மனிதனுக்குச் சொந்தம் என்று பொருள். ஓய்வும் விளையாட்டும் பணக்காரன் வீட்டுச் சொத்தல்ல. அவை தொழிலாளி ரத்தம் சிந்தி வாங்கிய நேரம். அந்த நேரத்தில் அவன் மகளுக்கும் பங்கு உண்டு.

மைதானத்தைக் கேட்பது யாரிடம்? கொம்யூன் பஞ்சாயத்திடம். ஆனால் புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006ல்; அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் தேர்தலை இழுத்தடித்தார்கள். கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லாத ஊரில் பொதுத் திடல் சுருங்கும், மனைக்கட்டு வளரும். விளையாட்டுத் திடலைக் காப்பதும் ஜனநாயகத்தைக் காப்பதும் இங்கே ஒரே வேலையாகிறது.

ஆகவே நாம் கோருவது இது:

லீக்கில் ஆடும் ஒவ்வொரு வீராங்கனைக்கும், இரண்டாம் பிரிவு உட்பட, பன்னிரண்டு மாத ஒப்பந்தமும் குறைந்தபட்ச ஊதியமும் வேண்டும். காயத்துக்கு முழு வைத்தியமும், காயக் காலத்துக்குச் சம்பளமும், பிள்ளைப்பேற்று விடுப்பும் எழுத்தில் வேண்டும். வீராங்கனைகள் சங்கம் அமைத்துப் பேசும் உரிமையைச் சம்மேளனம் ஏற்க வேண்டும். சர்க்கார் துறைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளைக் காலியாக வைக்காமல் நிரப்ப வேண்டும். புதுச்சேரி அரசு ஒவ்வொரு கொம்யூனிலும் பெண்களுக்கென நேரம் ஒதுக்கிய மைதானமும், அரசுப் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியரும், ஒரு கூடை பந்தும் தர வேண்டும்.

2025 ஜூலை 5ல் தாய்லாந்தின் சியாங்மாய் நகரில் இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை 2-1 என்று வென்று, தகுதிச் சுற்று ஆடியே ஆசியக் கோப்பைக்கு முதன்முறையாகத் தேர்வு பெற்றது. இரண்டு கோலும் வங்காளத்துச் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தவை. அன்று வாழ்த்துத் தந்திகள் போல அறிக்கைகள் பறந்தன. மந்திரிகள் பாராட்டினார்கள். பாராட்டு நல்லதுதான், ஆனால் பாராட்டைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் அரிசி அளக்க மாட்டான்.

தோழர்களே! உங்கள் மகள் பந்து கேட்டால் சிரித்து ஒதுக்காதீர்கள். ஊர்க் கூட்டத்தில் சாலையையும் தண்ணீரையும் கேட்கும்போது அவளுக்கு ஒரு திடலையும் சேர்த்துக் கேளுங்கள். நாற்று நடும் கையும், நூல் பிடிக்கும் கையும், பந்து உதைக்கும் காலும் ஒரே உழைப்பாளிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கூலிக்கான போராட்டமும் ஒன்றே!